மூணு தடவ சொட்டு போட்டாச்சு, பிடிச்சிருக்கா?

"சொட்டு மருந்துதான் கரெக்டா போட்டுட்டு வர்றோமே, அப்புறம் எதுக்கும்மா பச்சப்புள்ள கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்குறீங்க?" இந்தக் கேள்விய எத்தன வீட்டு வாசல்ல கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. வேலூர் பக்கம் கைக்குழந்தைங்களுக்கு போலியோ எதிர்ப்பு சக்தி எவ்ளோ வந்திருக்குன்னு பாக்குற ஆய்வு வேலைல ஃபீல்டு ஸ்டாஃபா சேந்தேன், மொத கொஞ்ச வருஷம் வீடு வீடா போய் ரத்தம் எடுக்குறது, அப்புறம் லேபுக்குள்ள. இப்போ இதே மாதிரி வேலைக்கு புதுசா சேர்ற பசங்க சிலர் போன் பண்ணி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே எடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு.

மொதல்ல அந்தக் கேள்விக்கு பதில். சொட்டு போட்டது வேற, அது பிடிச்சது வேற. செடி நட்டா எல்லாமா வேர் பிடிக்குது, அப்டித்தான்னு சொன்னா கிராமத்துல உடனே புரிஞ்சிடும், டவுன்ல கொஞ்சம் முழிப்பாங்க. போலியோ வைரஸ்ல டைப் 1, 2, 3ன்னு மூணு ரகம், ஒண்ணுக்கு எதிர்ப்பு சக்தி வந்தா அது இன்னொண்ணுக்கு உதவாது. சொட்டு மருந்துங்கறது வலுவ கொறச்ச உயிருள்ள வைரஸ், அது பிள்ளையோட குடல்ல போய் குடியேறி பெருகுனாதான் ஒடம்பு அத பாத்து எதிர்ப்பு சக்தி உண்டாக்கும். குடியேறலன்னா மருந்து உள்ள போய் வெளிய வந்துடும், தடுப்பூசி அட்டைல மட்டும் டிக் இருக்கும்.

இத நம்ம ஊர்லதான் ரொம்ப ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சாங்கங்கறது நெறய பேருக்கு தெரியாது. 1970கள் தொடக்கத்துலயே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரில டாக்டர் ஜேக்கப் ஜான், மூணு டோஸ் போட்ட பிள்ளைங்க ரத்தத்த டெஸ்ட் பண்ணி பாத்துட்டு, வெளிநாட்டு பிள்ளைங்களுக்கு பிடிக்குற அளவுக்கு நம்ம பிள்ளைங்களுக்கு பிடிக்கலன்னு சொன்னார். மருந்து வெயில்ல கெட்டுப்போயிருக்கும்னுதான் எல்லாருக்கும் மொதல்ல தோணும், ஆனா நல்லா ஐஸ்ல வச்சு போட்ட மருந்துக்கே இந்த நெலமதான். பிற்பாடு 1991ல பல வளரும் நாடுகளோட ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தப்போ, மூணு டோஸுக்கு அப்புறம் சராசரியா டைப் 1க்கு 73 சதவீதம், டைப் 2க்கு 90, டைப் 3க்கு 70 பிள்ளைங்களுக்குதான் பிடிச்சிருந்துச்சு. பணக்கார நாடுகள்ல அதே மூணு டோஸுக்கு 95க்கு மேல. உத்தரப்பிரதேசத்துல இன்னும் மோசம், டைப் 1க்கு ஒரு டோஸ் குடுக்குற பாதுகாப்பு வெறும் 9 சதவீதம்தான், இந்தியாவோட மத்த பகுதிகள்ல 21ன்னு 2006ல கணக்கு வந்துச்சு. வருஷத்துக்கு இத்தன தடவ எதுக்கு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கூப்புடுறாங்கன்னு சலிச்சுக்கிட்டோமே, அதுக்கான காரணம் இந்த நம்பர்லதான் இருக்கு.

சரி, வேலைக்கு வரேன். இந்த வேலைல ஊசி குத்துறதுதான் கஷ்டம்னு நெனச்சு சேருவீங்க. எனக்கும் அப்டித்தான் பயம். ஆனா ஊசி ரெண்டு மாசத்துல கை பழகிடும், தேதிதான் கடைசி வரைக்கும் உயிர எடுக்கும்.

ஏன் தேதின்னா, பொறந்த குழந்த ரத்தத்துல ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கும், அது பிள்ளையோடது இல்ல, அம்மாகிட்ட இருந்து நஞ்சுக்கொடி வழியா வந்தது. வயித்துல இருக்கப்பவே அம்மா குடுத்தனுப்புன சீர்னு வச்சுக்கோங்க, செலவாகிட்டே இருக்கும், தோராயமா 28 நாளைக்கு ஒருதடவ பாதி ஆகும். இப்போ ஒரு பிள்ளைக்கு பொறந்தப்போ தொப்புள்கொடி ரத்தத்துல 1:512 இருந்துச்சுன்னா (ரத்தத்துல இருந்து பிரிச்ச சீரத்த 512 மடங்கு நீர்க்க விட்டாலும் வைரஸ தடுக்குதுன்னு அர்த்தம்) 18 வாரத்துல, அதாவது 126வது நாள்ல, நாலரை தடவ பாதியாகி கிட்டத்தட்ட 1:22ல வந்து நிக்கும். பாஸ் மார்க் 1:8. அப்போ அந்த பிள்ளைக்கு ஒரு சொட்டு கூட பிடிக்கலன்னாலும் டெஸ்ட்ல பாஸ்னு காட்டும்! அதனாலதான் முன்ன ஒரு ரத்தம் பின்ன ஒரு ரத்தம்னு ரெண்டு எடுக்குறோம், மொத ரத்தத்துல இல்லாம இருந்து ரெண்டாவதுல 1:8 தாண்டுனா பிடிச்சிருக்கு, மொதல்லயே இருந்துச்சுன்னா அம்மாவோடது இந்நேரம் இவ்ளோ கொறஞ்சிருக்கணும்னு கணக்கு போட்டு அத விட நாலு மடங்கு இருந்தாதான் பிடிச்சதா எடுத்துக்குவோம். மேல சொன்ன பிள்ளைக்கு 22ன்னு எதிர்பாக்குற எடத்துல 128 வந்தா பிடிச்சிருக்கு, 64 வந்தா கணக்குல வராது. ரெண்டு ரத்தத்துக்கும் நடுவுல எத்தன நாள்னு தப்பா எழுதுனீங்கன்னா இந்த கணக்கு மொத்தமா கவுந்துடும், லேப்ல எவ்ளோ ஒழுங்கா பண்ணாலும் காப்பாத்த முடியாது.

நான் ஒரு தடவ கவுத்தேன். சொல்றேன்.

2015 ஜனவரி கடைசி. ஒரு பையன், ரெண்டாவது ரத்தம் எடுக்க வேண்டிய நாள். அட்டைய கேட்டா "அம்மா வீட்ல இருக்கு சிஸ்டர், குடியாத்தத்துல" ன்னாங்க. இது நம்ம ஊர் ஆய்வுகளுக்கே உள்ள தலவலி, பிரசவத்துக்கு தாய்வீட்டுக்கு போவாங்க, ஒன்றரை மாச ஊசி அங்க, ரெண்டரை மாச ஊசி அங்க, மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ சீரோட கொண்டுவந்து விடுவாங்க, அட்ட அங்கயே பீரோல தங்கிடும். நான் கேட்டேன் மூணு டோஸும் ஆச்சான்னு, ஆச்சுன்னாங்க, முதுகுக்கு பின்னாடி முறத்துல பீடி எல பாதில நிக்குது, மாமியார் மொறைக்குறாங்க, சரி மூணுன்னு எழுதிட்டு தேதிக்கு என்ன பண்ணேன்னா பொறந்த தேதில இருந்து 6 வாரம், 10 வாரம், 14 வாரம்னு எண்ணி நானே போட்டுட்டேன். கரெக்டாதான போட்ருப்பாங்கன்னு. ரத்தம் அழகா வந்துச்சு, சந்தோஷமா வீட்டுக்கு போனேன்.

நாலு நாள் கழிச்சு டேட்டா பாக்குற பொண்ணு கூப்புட்டா. "அக்கா, இந்த பையனுக்கு மூணாவது டோஸ் ஞாயித்துக்கிழம எந்த நர்சம்மா வந்து போட்டாங்க?" நம்ம ஊர்ல ஊசி நாள் புதன்கிழமன்னு சின்ன பிள்ளைக்கு கூட தெரியும். எனக்கு அப்டியே காது சூடாயிடுச்சு.

பஸ் புடிச்சு குடியாத்தம் போய் அந்த ஏரியா நர்சம்மா ரெஜிஸ்டர பாத்தா, மூணாவது டோஸ் போடவே இல்ல, அன்னிக்கு பிள்ளைக்கு வயித்தால போகுதுன்னு அம்மா கூட்டிட்டு போகல. அப்போ அந்த பையனோட அம்மா பொய் சொன்னாளான்னா அதுவும் இல்ல, ஜனவரில போலியோ ஞாயித்துக்கிழம பூத்ல ரெண்டு சொட்டு விட்டு சுண்டு விரல்ல மை வச்சாங்க, அத சேத்துதான் மூணு. அவ கணக்குல அவ கரெக்ட். நான் கேட்ட கேள்விதான் தப்பு. நான் ரத்தம் எடுத்ததுக்கு பதினோரு நாள் முன்னாடி உள்ள போன சொட்டு அது, மூணாவது டோஸ் முடிஞ்சு நாலு வாரம்ங்கற கணக்குக்குள்ள அந்த பையன் வரவே மாட்டான். வெளிய எடுத்துட்டாங்க. ரெண்டு தடவ குத்தி அழ வச்சு எடுத்த ரத்தம்.

அதுக்கப்புறம் நான் "எத்தன டோஸ்"னு கேக்குறதயே விட்டுட்டேன். பொறந்த ஒடனே ஆஸ்பத்திரில வாயில விட்டாங்களா, நர்சம்மா தொடைல ஊசி போட்ட அன்னிக்கெல்லாம் சொட்டும் விட்டாங்களா, விரல்ல மை வச்சது எப்போ, பொங்கலுக்கு முன்னயா பின்னயா, அன்னிக்கு பிள்ளைக்கு வயித்தால போச்சா, விட்ட ஒடனே கக்குச்சா, இப்டி ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கதையா கேப்பேன். அட்ட இல்லன்னா "அட்ட பாக்கல"ன்னு பளிச்சுனு எழுதுங்க, அது அசிங்கம் இல்ல, நீங்களா எண்ணி போடுறதுதான் அசிங்கம். அட்டைய போன்ல போட்டோ எடுத்து அனுப்ப சொல்லலாம், தாத்தாவுக்கு வாட்ஸப் தெரியலன்னா பக்கத்து வீட்டு காலேஜ் பையன் எடுத்து அனுப்புவான். அப்புறம் வயித்தால போறப்போ சொட்டு போடக்கூடாதுன்னு ஒரு நம்பிக்க இருக்கே, அது தப்பு, போடணும், ஆனா அந்த டோஸ எண்ணிக்கைல சேக்காம பிற்பாடு ஒரு டோஸ் கூடுதலா குடுக்கணும். இத அம்மாக்கள்கிட்டயும் சொல்லுங்க.

இன்னொண்ணு, பக்கத்து வீட்டு பிள்ளைக்கு சொட்டு போட்டா அந்த வைரஸ் அதோட மலத்துல பல வாரம் வரும், அது கை மாறி தண்ணி மாறி இந்த பிள்ளைக்கும் வரலாம், அப்போ சொட்டே போடாத பிள்ளைக்கும் எதிர்ப்பு சக்தி இருக்கும். அதனால வீட்ல அஞ்சு வயசுக்குள்ள வேற யார் இருக்காங்க, போலியோ ஞாயிறு எப்போ வந்துச்சுன்னு ஃபார்ம்ல எழுதி வைங்க.

ரத்தம் எடுக்குறத பத்தி கொஞ்சம். எங்களுக்கு ரெண்டு மில்லி வேணும், பிரிச்சா சீரம் ஒரு மில்லி கூட சில சமயம் தேறாது. நான் பட்டர்ஃப்ளை ஊசிதான் (ரெண்டு பக்கமும் றெக்க மாதிரி இருக்குற சின்ன ஊசி), பொறங்கைலயோ முழங்கை மடிப்புலயோ. பால் குடிச்சு முடிச்ச பிள்ளைக்கு நரம்பு நல்லா தெரியும், அழுது வெறைச்ச பிள்ளைக்கு கெடைக்காது, கை ஜில்லுனு இருந்தா அம்மா உள்ளங்கைல ரெண்டு நிமிஷம் பொத்தி வைக்க சொல்லுங்க, அந்த ரெண்டு நிமிஷம் அம்மாவுக்கும் ஒரு வேல குடுத்த மாதிரி ஆச்சு. ரெண்டு தடவைக்கு மேல குத்தாதீங்க, வரலன்னா கெளம்பிடுங்க. நான் ஒரு வீட்ல மூணாவது தடவ ட்ரை பண்ணேன், ரத்தம் வந்துச்சு, ஆனா அந்த தெருவுல அதுக்கப்புறம் ஒரு வீட்லயும் கதவு தொறக்கல. செவ்வா வெள்ளி ரத்தம் தர மாட்டோம்பாங்க, சரின்னு வேற நாள் போங்க, அங்க நின்னு பகுத்தறிவு பேசாதீங்க, நமக்கு தேவ ரத்தம்.

சிரிஞ்ச்ல எடுத்து ட்யூப்ல மாத்துறப்போ ஊசிய கழட்டிட்டு ட்யூப் ஓரமா மெதுவா வழிய விடணும். நான் ஆரம்பத்துல ஊசியோடயே பீச்சி அடிச்சேன், சிவப்பணு ஒடஞ்சு சீரம் ரோஸ் மில்க் கலர்ல வந்துச்சு. அப்புறம் ஒறையறதுக்கு முன்னாடியே நேரா ஐஸ் பாக்ஸ்ல போட்டுட்டு வெயில்ல ஓடுறது, இதுவும் பண்ணிருக்கேன். அர மணி ஒரு மணி நேரம் வெளியவே ஆடாம நிக்க விடுங்க, நல்லா ஒறஞ்சதும் குளுமைல வச்சு லேபுக்கு கொண்டு வாங்க, மெஷின்ல சுத்தி பிரிச்ச சீரம்தான் ஃப்ரீசருக்கு போகணும், முழு ரத்தம் போகக்கூடாது.

இதெல்லாம் எவ்ளோ முக்கியம்னு லேபுக்குள்ள போனப்புறம்தான் ஒறைச்சுது. சீரத்த 56 டிகிரில அர மணி நேரம் வச்சுட்டு, 96 குழி இருக்குற பிளாஸ்டிக் தட்டுல 1:8, 1:16, 1:32ன்னு ரெட்ட ரெட்டையா நீர்க்க விட்டு 1:1024 வரைக்கும் போவோம், ஒவ்வொரு குழிலயும் அளந்து வச்ச வைரஸ விட்டு கொஞ்ச மணி நேரம் ரெண்டும் மல்லுக்கட்ட விடுவோம், அப்புறம் மேல உயிருள்ள செல்லுங்கள போட்டு அஞ்சு நாள் இன்குபேட்டர்ல. எதிர்ப்பு சக்தி இருந்தா வைரஸ் அடங்கிடும், செல் பொழைச்சிருக்கும், சாயம் போட்டா குழி ஊதாவா நிக்கும். இல்லன்னா செல் செத்து குழி வெளுத்து போயிருக்கும். மொத தட்ட வெளிச்சத்துல தூக்கி பாத்தப்போ எனக்கு கோலம் மாதிரி இருந்துச்சு, ஒரு வரிசைல ஊதா எங்க முடியுதோ அதான் அந்த பிள்ளையோட நம்பர். கெட்டுப்போன சீரம் வந்தா வைரஸ் கொல்றதுக்கு முன்னாடி சீரமே செல்ல கொன்னுடும், அப்போ அந்த குழிய பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. என் ரோஸ் மில்க் ட்யூப் ஞாபகம் வந்துச்சு.

லேப்ல இருக்குறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம், ஒரு பிள்ளையோட மொத ரத்தத்தயும் ரெண்டாவது ரத்தத்தயும் ஒரே தட்டுல ஒரே நாள்ல ஓட்டுங்க. மொதல்ல வந்தத மொதல்ல முடிச்சிடலாம்னு ஆசையா இருக்கும். ஆனா வைரஸ் அளவு அன்னிக்கு கொஞ்சம் கூட கொறைய இருந்தா எல்லா நம்பரும் ஒரு படி நகரும், நாலு மடங்குங்கறதே ரெண்டு படிதான். ஒவ்வொரு பேட்ச்லயும் நம்பர் தெரிஞ்ச ஒரு சீரத்த கூட ஓட்டுறதும் இதுக்குத்தான்.

அப்புறம் 2016 ஏப்ரல் 25. அன்னிலேந்து நாடு முழுக்க மூணு ரகம் கலந்த சொட்டு போய் டைப் 1ம் 3ம் மட்டும் இருக்குற சொட்டு வந்துச்சு. டைப் 2 ஏன் போச்சுன்னா, இயற்கையா சுத்துன டைப் 2 கடைசியா தென்பட்டது 1999ல, நம்ம அலிகார்லதான், அதுக்கப்புறம் டைப் 2ஆல தொந்தரவு வந்ததுன்னா பெரும்பாலும் மருந்துல இருந்து மாறுன வைரஸாலதான். இதுல ஒரு வேடிக்க, பழைய சொட்டுல அளவு பாத்தா டைப் 2தான் கம்மி, டைப் 1 பத்து பங்கு இருந்தா டைப் 2 ஒரே பங்கு, ஆனாலும் குடல்ல போனதும் மத்த ரெண்டயும் தள்ளிவிட்டுட்டு அதான் நல்லா பிடிக்கும். பந்தில கடைசியா வந்து மொதல்ல சாப்டுட்டு போற சொந்தக்காரன் மாதிரி. அவன் போனதும் மத்த ரெண்டு பேருக்கும் நல்லா எடம் கெடச்சுது. டைப் 2 பாதுகாப்புக்கு ஊசி மருந்து வந்துச்சு, தமிழ்நாட்டுல 6வது வாரமும் 14வது வாரமும் தோலுக்குள்ள 0.1 மில்லி, சின்ன கொப்பளம் மாதிரி எழும்பும், 2023 ஜனவரில இருந்து 9வது மாசமும் ஒண்ணு.

அதனால இப்போ புதுசா சேர்றவங்க கவனிக்க வேண்டியது, உங்க கையில இருக்குற சீரத்துல டைப் 1, 3 எதிர்ப்பு சக்தி வந்தா அது சொட்டுல வந்ததா ஊசில வந்ததான்னு பிரிச்சு சொல்ல முடியாது, டைப் 2 வந்தா பெரும்பாலும் ஊசி, இல்லன்னா அம்மாவோடது. கொப்பளம் எழும்புச்சான்னு கேட்டு எழுதுறதும் இப்போ தேதி மாதிரிதான். டைப் 2 டெஸ்ட் பண்றதே இப்போ பெரிய பாடு, அந்த வைரஸ சாதா லேப்ல வச்சிருக்கவே கூடாதுன்னு கட்டுப்பாடு, எங்க ஃப்ரீசர்ல ஒவ்வொரு டப்பாவா எடுத்து லிஸ்ட் போட்டு அழிச்ச அந்த வாரம் யாரும் சாப்பாட்டுக்கு கூட ஒழுங்கா போகல.

ஏன் நம்ம பிள்ளைங்களுக்கு பிடிக்க மாட்டேங்குதுன்னு கேட்டா, குடல்ல ஏற்கனவே வேற வைரஸ் கிருமி எல்லாம் குடியிருக்குறது, அடிக்கடி வயித்தால போறது, அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தியே தடுக்குறதுன்னு பல காரணம் சொல்றாங்க. வேலூர்லயே பிள்ளைங்களுக்கு மூணு நாள் ஆன்டிபயாடிக் குடுத்து குடல் கிருமிய கொறச்சிட்டு சொட்டு போட்டு பாத்தாங்க, கிருமி கொறஞ்சுது, சொட்டு கூடுதலா பிடிக்கல. எனக்கு அந்த ரிசல்ட் ரொம்ப பிடிக்கும், ஆகலன்னா ஆகலன்னு சொன்னதுக்காகவே.

கடைசியா, ரத்தத்துல நம்பர் நல்லா வந்தாலும் கத முடியல. ரத்தத்துல இருக்குறது பிள்ளைக்கு வாதம் வராம காக்கும், ஆனா அந்த பிள்ள குடல்ல வைரஸ் பெருகி ஊருக்கு பரவுமா பரவாதாங்கறத ரத்தம் சொல்லாது. அதுக்கு மறுபடி ஒரு டோஸ் சொட்டு போட்டு ஒரு வாரம் கழிச்சு மலத்துல வைரஸ் வருதான்னு பாக்கணும், குடல் தடுத்துச்சுன்னா வராது. ரத்தம் தர மாட்டேன்னு மொறச்ச மாமியாருங்க எல்லாம் மலம்னதும் "அதுக்கென்ன, எவ்ளோ வேணும்" ன்னாங்க. ஆனா அதுலயும் பாடு உண்டு, டயப்பர் போட்டா அதுல இருக்குற ஜெல் எல்லாத்தயும் உறிஞ்சிடும், மொத நாள் ராத்திரியே டப்பாவும் கரண்டியும் குடுத்து, பழைய பருத்தி துணி கட்டுங்க, அடியில பிளாஸ்டிக் ஷீட் போடுங்கன்னு சொல்லிட்டு வந்துடணும். பிள்ள நம்ம டைம் பாத்தா போகும்? காலைல அஞ்சே முக்காலுக்கு போன் வரும், "சிஸ்டர், போயிடுச்சு, சீக்கிரம் வாங்க". ஒரு நாள் வண்டி பஞ்சர், அந்த ஐஸ் பாக்ஸ மடில வச்சுக்கிட்டு டவுன் பஸ்ல வந்தேன், பக்கத்து சீட்ல அம்மாவோட உக்காந்திருந்த யூனிஃபார்ம் பொண்ணு ரொம்ப நேரம் பாக்ஸயே பாத்துட்டு "ஆன்ட்டி, குச்சி ஐஸ் இருக்கா?" ன்னா. இல்லடா தீந்துபோச்சுன்னு சொல்லிட்டு கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்லயே எறங்கிட்டேன்.